வாசகர் கேள்வி, அறிவியல் பதில்: அருகிலுள்ள திரள்களில் மங்கலான கருந்துளைகளைத் தேடுதல்

சென்ற இதழின் இப்பகுதியில், நமக்கு அருகிலுள்ள விண்மீன் திரள்களின் மையத்தில் இருக்கும் பெருங்கருந்துளைகளுள் பெரும்பாலானவை மிக மங்கலாகவே ஒளிர்கின்றன என்றும், அவற்றைக் கண்டறிய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் பெரிதும் உதவுகின்றன என்றும், ஒன்றரை மணிநேரம் நோக்கினாலும் சில திரள்களின் மையத்திலிருந்து ஐந்தாறு ஃபோட்டான்களே (ஒளித்துகள்களே) வந்து சேர்கின்றன என்றும் சுருக்கமாக எழுதியிருந்தேன். அந்தச் சிறு குறிப்பைப் படித்துவிட்டுக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மட்டும் பல கடிதங்கள் வந்துள்ளன. கேட்டவர்கள் ஆழமாகக் கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

பள்ளி ஆசிரியர், தக்கலை: கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்பாது என்றுதான் வகுப்பில் பாடம் நடத்துகிறேன். ‘ஒளிரும் கருந்துளை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்த மாணவர்கள் என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள். மங்கலானது, பிரகாசமானது என்று எதை அளவாக வைத்துச் சொல்கிறீர்கள்?

பதில்: நீங்கள் நடத்தும் பாடம் சரியானதே. கருந்துளையின் எல்லையைத் தாண்டி உள்ளே சென்ற எதுவும் வெளியே வருவதில்லை. நாம் காணும் ஒளி அந்த எல்லைக்கு வெளியே, உள்ளே விழுவதற்கு முன் அதைச் சுற்றிச் சுழலும் வாயுவிலிருந்து வருகிறது. மேலிருந்து விழும் எப்பொருளும் ஈர்ப்பாற்றலை இழக்கிறது. கருந்துளையை நெருங்கும் வாயு இழக்கும் ஆற்றலோ மிகப் பெரிது. அந்த ஆற்றல் வாயுவைச் சூடாக்கிக் கதிர்வீச்சாக வெளிப்படுகிறது. வாயு தாராளமாகக் கிடைக்கும் கருந்துளையில், விழும் பொருளின் நிறைக்கு இணையான ஆற்றலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இவ்வாறு ஒளியாக மாறுகிறது. சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது வெளிப்படுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, 0.7 சதவீதம்தான் என்பதை மாணவர்களிடம் சொன்னால் வேறுபாடு அவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

மங்கல் என்பதை அந்தந்தக் கருந்துளையின் நிறையோடு ஒப்பிட்டே சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிறைக்கும் எடிங்டன் வரம்பு என்று ஓர் உச்ச அளவு உண்டு. ஒளி அந்த அளவை மீறினால், விழவரும் வாயுவை ஒளியின் அழுத்தமே வெளியே தள்ளிவிடும். நம் பால்வழித் திரளின் மையத்தில், சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் கருந்துளையின் நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ 40 லட்சம் மடங்கு. அதன் உச்ச வரம்பு சுமார் 13,000 கோடி சூரியன்களின் ஒளிக்குச் சமம். ஆனால் அமைதியாக இருக்கும் வேளையில் அது எக்ஸ் கதிராக வெளியிடுவது, நம் ஒரே ஒரு சூரியன் எல்லா அலைநீளங்களிலும் சேர்த்து வெளியிடும் ஆற்றலைவிடக் குறைவு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத்தான் மங்கல் என்கிறோம். பேரண்டத்தின் மறுகோடியில் உள்ள குவேசர்கள் எனப்படும் மிகப் பிரகாசமான திரள் மையங்கள் தம் உச்ச வரம்பை நெருங்கி எரிபவை. அவற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப்படுகிறது. ஆனால் இக்காலத்துப் பெருங்கருந்துளைகளின் இயல்பு நிலை நம் பால்வழி மையத்தின் நிலையே என்பதால், அவற்றை அறிய விரும்புவோர் மங்கலானவற்றைத்தான் தேடிப் படிக்க வேண்டியிருக்கிறது.

இயற்பியல் மாணவி, நாகர்கோவில்: சாதாரணத் தொலைநோக்கியால் ஏன் இவற்றைக் காண முடியாது? எக்ஸ் கதிரில் மட்டும் என்ன தனிச்சிறப்பு?

பதில்: காணவே முடியாது என்பதில்லை. அருகிலுள்ள 486 திரள்களின் மைய ஒளியை அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத் தொலைநோக்கியைக் கொண்டு நிறமாலையாகப் பிரித்து, லூயிஸ் ஹோ, அலெக்ஸ் ஃபிலிப்பென்கோ, வாலஸ் சார்ஜென்ட் ஆகியோர் 1990-களில் ஆராய்ந்தார்கள். அவற்றுள் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் கருந்துளையின் செயல்பாட்டைக் காட்டக்கூடிய அறிகுறிகள் தென்பட்டன. ‘காட்டக்கூடிய’ என்ற சொல்லைக் கவனித்துத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த அறிகுறிகளுள் பெரும்பங்கு, ஓரிரு எலெக்ட்ரான்களை மட்டும் இழந்த அணுக்கள் நிறமாலையில் காட்டும் கோடுகள். முதுமையடைந்த சூடான விண்மீன்களும் சுற்றியுள்ள வாயுவில் அத்தகைய கோடுகளை உண்டாக்க வல்லவை. எனவே கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் வைத்து முடிவு சொல்வது பாதுகாப்பானதன்று. அதோடு, திரளின் மையத்தில் கோடிக்கணக்கான விண்மீன்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றின் மொத்த ஒளியின் நடுவே, கருந்துளையைச் சுற்றியுள்ள வாயுவின் மெல்லிய ஒளி அடையாளமின்றிக் கரைந்துவிடுகிறது.

எக்ஸ் கதிரில் இந்த நிலை தலைகீழாகிறது. சூரியனைப் போன்ற சாதாரண விண்மீன், தன் மொத்த ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவானதையோதான் எக்ஸ் கதிராக வெளியிடுகிறது. கருந்துளையை நெருங்கிய வாயுவோ பல கோடி டிகிரி வெப்பத்தைத் தாண்டி, எக்ஸ் கதிரைத் தாராளமாக உமிழ்கிறது. ஆகவே எக்ஸ் கதிர்ப் படத்தில் விண்மீன்களின் கூட்டம் ஏறத்தாழ மறைந்துபோய், எஞ்சும் சில புள்ளிகளே கண்ணில் படுகின்றன. இரண்டாவது நன்மை, தூசும் வாயுவும் படர்ந்த திரையை ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர் ஊடுருவி வெளியே வந்துவிடுகிறது என்பது. குதிரைமனிதன் விண்மீன் குழுவில் தெரியும் என்ஜிசி 4945 என்ற திரள் இதற்குச் சிறந்த சான்று. சாதாரண ஒளியில் அதன் மையத்தில் செயல்படும் கருந்துளைக்கான அடையாளமே கிடையாது. பத்து கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு இது) மேற்பட்ட எக்ஸ் கதிரில் பார்த்தால், அது வானில் நமக்குக் கிடைக்கும் பிரகாசமான மையங்களுள் ஒன்று. இத்தகையது மங்கலான கருந்துளை அன்று, மறைந்திருக்கும் கருந்துளை. இந்த இரண்டு வகைகளையும் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துக் காட்டுவதே எக்ஸ் கதிரின் பெரும்பணிகளுள் ஒன்று என்று கருதுகிறேன்.

எக்ஸ் கதிரைப் பூமியின் காற்று மண்டலம் முழுமையாக விழுங்கிவிடுவதால், தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பியே ஆக வேண்டும். 1999 ஜூலை 23 அன்று செலுத்தப்பட்ட சந்திரா தொலைநோக்கி இந்தத் துறையையே மாற்றியமைத்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகப் பெயரிடப்பட்ட கருவி அது. ஒரு கோணப்பாகையை 3,600 விகலைகளாகப் பிரித்தால், சந்திராவால் அரை விகலை அளவு இடைவெளியுள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்ட முடியும். வட்டக்கோட்டையில் நின்றுகொண்டு, சுமார் ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள திருவள்ளுவர் சிலையின் கையில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் ஏற்றிவைத்த இரண்டு விளக்குகளை இரண்டாகவே பார்ப்பதற்கு ஒப்பான கூர்மை அது. அதே ஆண்டு டிசம்பர் 10 அன்று ஐரோப்பா செலுத்திய எக்ஸ்எம்எம்-நியூட்டன் அதிகக் கதிரைத் திரட்டுவதில் சந்திராவை விஞ்சியது, ஆனால் அதன் படங்களுக்கு இந்தக் கூர்மை இல்லை. மங்கலான மையங்களைத் தேடுவோருக்குக் கூர்மை ஏன் இன்றியமையாதது என்பதை அடுத்த கேள்வியின் பதிலில் காணலாம்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், குழித்துறை: வாழ்நாள் முழுவதும் கணக்கைச் சரிபார்த்தே பழகியவன் நான். ஐந்தாறு ஃபோட்டான்களை வைத்துக்கொண்டு, ‘அங்கே ஒரு கருந்துளை இருக்கிறது’ என்று எப்படிக் கையெழுத்திடுகிறார்கள்?

பதில்: வந்த கடிதங்களுள் நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது, ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். தாங்கள் கேட்பதில் உண்மையில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அந்த இடத்தில் ஏதோ ஒன்று எக்ஸ் கதிரை உமிழ்கிறது என்று சொல்ல ஐந்து ஃபோட்டான்கள் போதுமா என்பது முதலாவது. உமிழ்வது கருந்துளைதான் என்று சொல்ல அவை போதுமா என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்குக் கணக்கு தெளிவாக விடை தருகிறது. சந்திராவின் கூர்மையால், திரளின் மையத்தில் நாம் வரையும் சோதனை வட்டம் மிகச் சிறியது. அந்த வட்டத்துக்குள் பின்னணி இரைச்சலாக ஒன்றரை மணிநேரத்தில் சராசரியாக இருபதில் ஒரு ஃபோட்டான் வரக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது, இருபது முறை நோக்கினால் ஒரு முறை ஒரு ஃபோட்டான் தற்செயலாக விழும். அப்படியானால் ஒரே நோக்கலில் ஐந்து ஃபோட்டான்கள் தற்செயலாக விழுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ நாற்பது கோடியில் ஒன்று. ஆகவே அங்கே ஒரு மூலம் இருக்கிறது என்று தயக்கமின்றிக் கையெழுத்திடலாம். ஆனால் அதன் பிரகாசம் எவ்வளவு என்று கேட்டால் அந்த உறுதி போய்விடும். ஐந்து எண்ணிக்கையின் பின்னால் உள்ள உண்மையான சராசரி மூன்றாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம். நிறமாலை வரைவதற்கும் அவை போதா. தொலைதூரப் பின்புலத்தில் உள்ள வேறொரு பொருள் தற்செயலாக அதே புள்ளியில் விழுந்திருக்கும் வாய்ப்பையும் கணக்கிடுகிறார்கள். வட்டம் சிறியது என்பதால் அது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே வருகிறது.

கடினம் இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. திரள்களில் எக்ஸ் கதிர் இரட்டைகள் என்று ஒரு வகை உண்டு. இறந்த விண்மீனின் மிக அடர்ந்த எச்சமான நியூட்ரான் விண்மீனோ, சூரியனைவிடச் சில மடங்கு நிறையுள்ள சிறு கருந்துளையோ தன் துணை விண்மீனிலிருந்து வாயுவை இழுத்து எக்ஸ் கதிரை உமிழும் அமைப்பு அது. நியூட்ரான் விண்மீன் ஒன்றின் எடிங்டன் வரம்பு ஏறத்தாழ 50,000 சூரியன்களின் ஒளிக்குச் சமம். மங்கலான பெருங்கருந்துளைகளைத் தேடும்போது எட்டப்படும் பிரகாசமும் இதே அளவில்தான் இருக்கிறது. கன்னி விண்மீன் குழுவின் திசையில் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள திரள் கொத்தில், ஒரு விகலை என்பது 260 ஒளியாண்டு அகலத்துக்குச் சமம். சந்திராவின் கூர்மையிலும், மையத்தின் புள்ளிக்குள் ஏராளமான விண்மீன்கள் அடங்கிவிடுகின்றன. அவற்றுள் ஒன்று எக்ஸ் கதிர் இரட்டையாக இருக்கலாம். கூர்மை குறைந்த தொலைநோக்கியிலோ மையத்தைச் சுற்றியுள்ள பல இரட்டைகளின் ஒளியும் ஒன்றாகக் கலந்து, பெருங்கருந்துளை போலத் தோற்றம் தந்துவிடும்.

பிரகாசத்தை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் வழி தவறலாம் என்பதற்கு, சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் அடுத்தடுத்து அமைந்துள்ள எம்81, எம்82 என்ற இரு திரள்களைப் பார்த்தால் போதும். எம்81-இன் மையத்தில் உள்ள கருந்துளை சூரியனைப் போல் ஏறத்தாழ 7 கோடி மடங்கு நிறை கொண்டது. தன் வரம்பில் மிகச் சிறு பங்கு அளவிலேயே அடங்கி எரிகிறது. எம்82-இல் எக்ஸ்-2 என்ற ஒரு மூலம் இருக்கிறது. அது சில வேளைகளில் 40 லட்சம் சூரியன்களின் ஒளிக்கும் மேலாக எக்ஸ் கதிரை உமிழ்கிறது. பெரும்பாலோர் அதை ஒரு கருந்துளை என்றே எண்ணியிருந்தனர். 2014-இல் நூஸ்டார் என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி அதிலிருந்து 1.37 விநாடிக்கு ஒரு முறை துடிப்பு வருவதைக் கண்டறிந்தது. அவ்வாறு சீராகத் துடிப்பது நியூட்ரான் விண்மீனாகத்தான் இருக்க முடியும். அதன் நிறையோ சூரியனைவிடச் சற்றே அதிகம். இப்படி, 7 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளையும் ஒரு சிறு நியூட்ரான் விண்மீனும் எக்ஸ் கதிரில் ஒன்றுக்கொன்று ஈடாக நிற்கின்றன. இதை அறிந்த எவரும் பிரகாசத்தை மட்டும் காட்டிக் கருந்துளை என்று சொல்ல மாட்டார்கள்.

வேறு எதைக் காட்டுகிறார்கள்? முதலில் இடம். எக்ஸ் கதிர் வரும் புள்ளி திரளின் உண்மையான மையத்தில், ஒரு விகலைக்குள் பொருந்த வேண்டும். அடுத்து, அந்தத் திரளில் எத்தனை இரட்டைகளை எதிர்பார்க்கலாம் என்ற மதிப்பீடு. நிறை குறைந்த துணையுள்ள இரட்டைகளின் எண்ணிக்கை திரளின் மொத்த விண்மீன் நிறையைப் பொறுத்தது. நிறை மிகுந்த இளம் துணையுள்ளவற்றின் எண்ணிக்கை புதிய விண்மீன்கள் பிறக்கும் வேகத்தைப் பொறுத்தது. இந்த உறவுகள் நன்கு அளவிடப்பட்டிருப்பதால், மையத்தின் சிறு வட்டத்துக்குள் ஓர் இரட்டை இருக்கும் வாய்ப்பை எண்ணாகவே எழுதிவிடலாம். மூன்றாவது சான்று ரேடியோ அலைகள். ஒரே அளவு எக்ஸ் கதிரை உமிழும்போது, பெருங்கருந்துளை சிறு கருந்துளையைவிட மிக அதிகமாக ரேடியோ அலைகளை வெளியிடுகிறது. கருந்துளையின் நிறை, எக்ஸ் கதிர், ரேடியோ ஆகிய மூன்றையும் இணைக்கும் இந்த உறவு 2003-இல் வெளியிடப்பட்டது. இப்போது ஐயம் எழும் இடங்களில் எல்லாம் ஆய்வாளர்கள் அதைத்தான் நாடுகிறார்கள். வேறு ஒரு நாளில் மீண்டும் நோக்கி, பிரகாசம் மாறியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்; ஆனால் இரட்டைகளும் மாறுபவையே என்பதால், மாற்றம் மட்டும் எதையும் தீர்த்துவைக்காது.

இந்த முறையைக் கையாண்ட ஆய்வுகளுள் எனக்கு மிகவும் நேர்மையாகத் தோன்றுவது, கன்னிக் கொத்தில் உள்ள 100 நீள்வட்டத் திரள்களையும் லென்சு வடிவத் திரள்களையும் சந்திராவால் ஒரே சீராக நோக்கிய ஆய்வு. 2010-இல் வெளிவந்த அதன் முடிவின்படி 32 திரள்களின் மையத்தில் எக்ஸ் கதிரை உமிழும் மூலம் ஒன்று கிடைத்தது. ஆய்வாளர்கள் அத்துடன் நிறுத்திக்கொள்ளவில்லை. இரட்டைகளால் வரக்கூடிய கலப்பைக் கழித்து, செயல்படும் பெருங்கருந்துளை உள்ள திரள்கள் 24 முதல் 34 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஓர் எல்லைக்குள் வைத்தே எழுதினார்கள். தனித்தனித் திரளைப் பற்றி உறுதி குறைவாக இருந்தாலும், நூறு திரள்களைச் சேர்த்துப் பார்க்கும்போது கணக்கு உறுதியாகிறது. கணக்காளரான தங்களுக்கு இந்த வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. எஞ்சிய 68 திரள்களில் கருந்துளை இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். நம் பால்வழி மையத்தை அந்தத் தொலைவில் கொண்டுபோய் வைத்தால், சந்திராவுக்கு அதிலிருந்து ஒரு ஃபோட்டான்கூடக் கிடைக்காது.

வாசகர், மணவாளக்குறிச்சி: எங்கள் கடற்கரை மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு உண்டு என்பார்கள். அதுவும் விண்வெளியிலிருந்து வரும் எக்ஸ் கதிரும் ஒன்றா? அது நம்மீதும் விழுகிறதா?

பதில்: இரண்டும் வேறு. உங்கள் மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் தோரியம் இருக்கிறது. 1,400 கோடி ஆண்டு அரைவாழ்வுக் காலம் கொண்ட அந்த அணு மெல்லச் சிதைவதால் ஆல்ஃபா துகள்களும், அதன் வழித்தோன்றல் அணுக்களிலிருந்து காமா கதிர்களும் வெளிப்படுகின்றன. அவற்றுள் ஒரு காமா கதிரின் ஆற்றல் 2.6 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்; சந்திரா நோக்கும் எக்ஸ் கதிரின் ஆற்றலோ பத்தாயிரம் எலெக்ட்ரான் வோல்ட்டுக்குள் அடங்குவது. முன்னது அணுக்கருவின் உள்ளே பிறப்பது, பின்னது சூடான வாயுவில் ஓடும் எலெக்ட்ரான்களிடமிருந்து பிறப்பது. விண்வெளி எக்ஸ் கதிர் எதுவும் காற்று மண்டலத்தைக் கடந்து கடற்கரைக்கு வந்து சேர்வதில்லை.

விண்வெளியில் உள்ள தொலைநோக்கிக்குத்தான் கதிர்வீச்சு பெருந்தொல்லை. சந்திரா செலுத்தப்பட்ட சில வாரங்களிலேயே, பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடக்கும்போது குறைந்த ஆற்றலுள்ள புரோட்டான்கள் கண்ணாடி வழியே குவிந்து, அதன் கேமரா உணரிகள் சிலவற்றின் திறனைக் குறைத்துவிட்டன. அன்றிலிருந்து, பட்டைகளைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் கேமராவைக் கண்ணாடியின் குவியத்திலிருந்து நகர்த்தி வைத்துவிடுகிறார்கள்.

பொறியாளர், குலசேகரம்: இந்தக் கருந்துளைகள் மங்கலாக இருப்பதற்குக் காரணம் வாயு கிடைக்காததா, அல்லது கிடைத்ததை ஒளியாக மாற்றத் தெரியாததா?

பதில்: இரண்டுமே. வாயு குறைவாக வருகிறது என்பது உண்மை. ஆனால் பால்வழி மையத்தைச் சுற்றியுள்ள சூடான வாயுவின் அளவை எக்ஸ் கதிரால் மதிப்பிட்டு, அது முழுவதும் விழுந்து வழக்கமான திறனில் ஒளியானால் எவ்வளவு பிரகாசம் வர வேண்டும் என்று கணக்கிட்டால், நாம் காண்பது அதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. வரத்துக் குறைவு மட்டுமே காரணம் என்ற விளக்கம் இங்கே போதவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம் பெற்ற ரமேஷ் நாராயணும், கொரியாவைச் சேர்ந்த இன்சு யியும் 1994 முதல் எழுதிய கட்டுரைகள் இதற்கு வழிகாட்டின. வாயு அடர்த்தியின்றி மெலிந்து வரும்போது, வெப்பத்தை ஏற்ற அயனிகள் அதை எலெக்ட்ரான்களுக்குக் கைமாற்றும் அளவுக்கு மோதல்கள் நிகழ்வதில்லை. ஒளியை உமிழ வேண்டியவை எலெக்ட்ரான்களே என்பதால், பெரும்பகுதி வெப்பம் ஒளியாகாமல் வாயுவோடு சேர்ந்தே கருந்துளைக்குள் போய்விடுகிறது. வாயுவில் ஒரு பகுதி உள்ளே விழாமலே வெளியேறிவிடுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் சேர்த்தன. மெல்லிய வட்டாகப் படியாமல் வாயு தடித்துப் பருத்த வடிவில் சுழல்வதும் இதனால்தான்.

கருந்துளை என்றும் இதே நிலையில் இருப்பதும் இல்லை. பால்வழி மையத்தின் அருகே உள்ள பெரும் வாயுமேகங்களில், இரும்பு அணுவுக்கே உரிய 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் எக்ஸ் கதிர் தெரிகிறது. அந்த மேகங்கள் தாமாக அதை உண்டாக்க முடியாது. எப்போதோ பட்ட வலிய எக்ஸ் கதிரின் எதிரொளியே அது. சில நூறு ஆண்டுகளுக்கு முன் நம் கருந்துளை இன்றைய நிலையைவிட மிகப் பிரகாசமாக எரிந்தது என்பதற்கு அது சான்று. அந்த எதிரொளியின் தளவிளைவை, அதாவது கதிரின் அலைகள் அதிரும் திசையின் ஒழுங்கை, அளந்த ஐக்ஸ்பி என்ற விண்கலம் 2023-இல் அதை மேலும் உறுதிப்படுத்தியது.

கல்லூரி விரிவுரையாளர், மார்த்தாண்டம்: பெரிய திரள்களை விட்டுவிட்டு, குறுந்திரள்களில் கருந்துளையைத் தேடுவதற்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவது ஏன்?

பதில்: பெருங்கருந்துளைகள் எதிலிருந்து தொடங்கின என்ற கேள்விக்கு விடை அங்கேதான் எஞ்சியிருக்கிறது. முதல் விண்மீன்கள் மடிந்தபோது உண்டான நூறு சூரிய நிறை அளவிலான வித்துகள் வளர்ந்தனவா, அல்லது பெரும் வாயுமேகங்கள் நேரடியாக இடிந்து விழுந்து பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் சூரிய நிறை வரையிலான வித்துகளாயினவா என்பது இன்னும் தீரவில்லை. பெரிய திரள்கள் பலமுறை மோதி இணைந்து வளர்ந்தவை. அவற்றின் கருந்துளைகளும் அவ்வாறே வளர்ந்து தொடக்கத்தின் தடயத்தை அழித்துவிட்டன. குறுந்திரள்களோ அவ்வளவாக மாறாதவை. சிறு வித்துகள் என்றால் பெரும்பாலான குறுந்திரள்களில் ஒரு கருந்துளை இருக்க வேண்டும். பெரு வித்துகள் அரிதாகவே உண்டாகும் என்பதால், அவ்வழி உண்மையானால் மிகச் சில குறுந்திரள்களில்தான் இருக்கும். எனவே எத்தனை குறுந்திரள்களில் கருந்துளை இருக்கிறது என்று எண்ணுவதே விடைக்கு வழி.

சுமார் 1.4 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள என்ஜிசி 4395 இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் எக்ஸ் கதிர் சில நிமிடங்களுக்குள்ளேயே ஏறி இறங்குகிறது. ஒளி கடக்கும் நேரத்தைவிட விரைவாக ஒரு பொருள் முழுவதும் மாற முடியாது என்பதால், கதிர் எழும் இடம் மிகச் சிறியது என்பது இதிலிருந்தே தெரிகிறது. சுமார் 3 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஹெனைசு 2-10 என்ற குறுந்திரளில், எக்ஸ் கதிரும் ரேடியோவும் ஒரே புள்ளியில் பொருந்துவதை 2011-இல் ஏமி ரைன்ஸ் குழுவினர் கண்டு, அங்கே பெருங்கருந்துளை இருப்பதாக அறிவித்தார்கள். புதிய விண்மீன்கள் விரைந்து பிறக்கும் திரள் என்பதால் அந்த முடிவுக்கு எதிர்ப்பும் எழுந்தது. கருந்துளையிலிருந்து பாயும் வாயு அத்திரளில் விண்மீன் பிறப்பைத் தூண்டுவதாக ஹப்பிள் தொலைநோக்கிப் பதிவுகள் 2022-இல் காட்டின. குறுந்திரள்களில் இவ்வாறு ஒவ்வொன்றாக வாதாடித்தான் முன்னேற வேண்டியிருக்கிறது. அவற்றுள் பலவற்றில் கருந்துளை மையத்தைவிட்டு விலகியும் இருக்கக்கூடும் என்பதால், இடப் பொருத்தம் என்ற முதல் சான்றே அங்கே தளர்ந்துவிடுகிறது.

வாசகி, கன்னியாகுமரி: இந்தத் திரள்கள் இருக்கும் திசையையாவது எங்கள் ஊரிலிருந்து காண முடியுமா?

பதில்: முடியும், உங்கள் ஊர் அதற்கு ஏற்ற இடமும்கூட. பால்வழியின் மையம் மூலம் நட்சத்திரத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு பாகை தொலைவிலேயே நீங்கள் இருப்பதால், அது தெற்கு வானில் 50 பாகைக்கும் மேல் உயர்கிறது. தென்மேற்குப் பருவமழையின் மேகம் மறைக்காத பிப்ரவரி, மார்ச் மாதங்களில், விடியலுக்கு முன் தென்கிழக்கில் பாருங்கள். கன்னிக் கொத்து, உத்திரம் நட்சத்திரத்துக்குக் கிழக்கே அமைந்தது. ஏப்ரல், மே மாத இரவுகளில் ஏறத்தாழ உங்கள் தலைக்கு நேர்மேலே வரும். வெறுங்கண்ணுக்குத் திரள்கள் தெரியா. சிறு தொலைநோக்கி இருந்தால், நடுவே உள்ள, கருந்துளையின் நிழலைக் காட்டும் படம் 2019-இல் வெளியிடப்பட்ட எம்87 திரளை மெல்லிய வெண்திட்டாகக் காணலாம்.

பட்ட மேற்படிப்பு மாணவர், ஆரல்வாய்மொழி: இந்தியாவின் அஸ்ட்ரோசாட் இந்தத் தேடலில் உதவுகிறதா? எங்களைப் போன்றோர் இங்கிருந்தே ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: அஸ்ட்ரோசாட் என்ற வானாய்வுச் செயற்கைக்கோள் 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. மூலம் செலுத்தப்பட்டது. அந்த ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்துக்கான விகாஸ் என்ஜின்கள் உங்கள் ஊருக்கு அப்பால் உள்ள மகேந்திரகிரியில் சோதிக்கப்படுகின்றன என்பது நீங்கள் அறிந்ததே. ஒரே பொருளைப் புற ஊதாவிலும் எக்ஸ் கதிரிலும் ஒரே நேரத்தில் நோக்குவது அஸ்ட்ரோசாட்டின் சிறப்பு. ஆனால் அதன் எக்ஸ் கதிர்ப் படத்தின் கூர்மை இரண்டு கலை (ஒரு கலை 60 விகலை) அளவு, அதாவது சந்திராவைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு என்பதால், மங்கலான மையத்தை இரட்டைகளிடமிருந்து பிரிக்க அது பயன்படாது. பிரகாசமான மையங்கள் நேரத்தோடு மாறுவதை ஆராய நன்கு பயன்படுகிறது.

நீங்கள் இங்கிருந்தே செய்யக்கூடியது நிறைய உண்டு. சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன், அஸ்ட்ரோசாட் ஆகியவற்றின் பதிவுகள் குறிப்பிட்ட காலம் கழிந்ததும் இணையத்தில் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முழு வானத்தையும் எக்ஸ் கதிரில் நோக்கிய இரோசிட்டா கருவியின் முதல் பட்டியல் 2024 ஜனவரியில் வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் மூலங்கள் உள்ளன. சந்திராவின் பதிவுகளைப் பகுத்தாய்வதற்கான சியாவோ மென்பொருளும், படங்களைத் திறந்து பார்க்கும் டிஎஸ்9 மென்பொருளும் இலவசமே. சாதாரண மடிக்கணினி போதும். முதலில் எம்81-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மையத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து ஃபோட்டான்களை எண்ணுங்கள், பிறகு அதே அளவு வட்டத்தைத் திரளின் வேறு பல இடங்களில் வைத்து எண்ணிப் பின்னணியை மதிப்பிடுங்கள். அது கைவந்த பின், கன்னிக் கொத்தின் மங்கலான திரள் ஒன்றில் அதையே செய்து, வெளியிடப்பட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிகழ்தகவுப் பாடத்தில், அரிதாக நிகழ்பவற்றின் எண்ணிக்கையைக் கணிக்கும் பாய்சான் பரவலை நன்றாகப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது, ஏனெனில் இந்தத் துறையின் பாதி வேலை அதில்தான் நடக்கிறது. எண்ணிக்கை ஒத்து வராவிட்டால், வட்டத்தின் அளவு, தேர்ந்த ஆற்றல் எல்லை, மையத்தின் இடக்குறியீடு ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு எழுதுங்கள்; அடுத்த இதழில் அந்தக் கணக்கையே படிப்படியாக எடுத்துக்கொள்கிறேன்.